முதற்பிரதி பெறுபவர்

யாழ்ப்பாணத்தில் புத்தகம் மேடையில்தான் பிறக்கிறது. அச்சகத்தில் நடப்பது வெறும் தாளும் மையும் சம்பந்தப்பட்ட காரியம். மங்கல விளக்கேற்றி, கடவுள் வாழ்த்துப் பாடி, ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, மதிப்பீட்டுரை எல்லாம் ஒவ்வொன்றாக ஆற்றி முடித்து, பளபளக்கும் தாளில் சுற்றி ரிபன் கட்டிய முதற்பிரதியைப் பிரமுகர் ஒருவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் அதற்குப் புத்தகம் என்று பெயர். அதுவரைக்கும் அது ஒரு பொதி. பொதியை யாரும் வாசிப்பதில்லை.

குருநகர் ஜெயனிக்கு இது தெரியாது. புத்தகம் என்றால் வாங்கலாம், வாங்கினால் படிக்கலாம், படித்தால் பரீட்சை எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் பட்டதாரி.

ஜெயனிக்கு இருபத்தொன்பது வயது. குருநகர் ஐஸ் கொம்பனியில் வேலை. தகப்பன் கனிசியஸ் கடற்றொழில் செய்கிறவர். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கனிசியசின் வலையை ஒரு முதலாளியின் இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனது. வழக்குப் போட்டார். அன்று தொடங்கிய வழக்கு இன்றைக்கும் நடக்கிறது, அதாவது தவணை போடப்படுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் கனிசியஸ் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போவார். சட்டத்தரணி எழும்பி இரண்டு வசனம் சொல்லுவார். அடுத்த திகதியைக் கேட்டுக்கொண்டு கனிசியஸ் வீட்டுக்கு வருவார். கூடப் போய்ப் போய் வந்த ஜெயனி ஒரு முடிவு எடுத்தாள். தகப்பனுக்காகக் கதைக்கிற அந்தக் கறுத்தக் கோட்டை ஒருநாள் தானே போடுவது என்று.

அதற்குக் கொழும்பில் இருக்கிற சட்டப் பயிலகத்தின் நுழைவுப் பரீட்சையில் தேற வேண்டும். முப்பது வயதோடு அந்த வாசல் பூட்டப்படும். ஆகவே இந்த வருடம் எழுதினால்தான் உண்டு. இந்த வருடம் பார்த்துப் பரீட்சை முறையையும் மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் பொது அறிவைப் பாடமாக்கி எழுதினால் காணும். இனி ஒரு பந்தியைத் தந்து, அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்களாம். தர்க்கத் திறன் என்று அதற்குப் பெயர்.

ஜெயனி பட்டணத்தில் ஒரு புத்தகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நாலு வழிகாட்டி நூல்களை மேசையில் பரப்பினார். நாலின் முன்னட்டையிலும் தராசு. நாலின் பின்னட்டையிலும் கழுத்துப்பட்டி கட்டிய ஆசிரியர் கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"புது முறைக்கு எது அண்ணை நல்லது?"

"எல்லாம் பழைய முறை, தங்கச்சி. 'புதிய பதிப்பு' எண்டு மேலை ஒட்டித்தான் இருக்கு."

"அப்ப புது முறைக்கு?"

"அதைச் சபை தெரிவு செய்யும். சபை தெரிவு செய்யாமல் நாங்கள் கடையிலை வைக்கிறேல்லை. லைபிரரியளும் எடாது. கோப்பாயிலை இருக்கு, போய்க் கேளுங்கோ."

சபை என்று அவர் சுருக்கமாகச் சொன்னது, வடபுல நுழைவுப் பரீட்சை வழிகாட்டி நூல் தெரிவு மற்றும் வெளியீட்டு உயர்சபையை. கோப்பாயில் ஒரு மாடிவீட்டில் இருந்தது. பெயர்ப்பலகை வீட்டின் அகலத்துக்குள் அடங்காமல் பக்கத்துத் தோட்டத்துப் பக்கமாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. சபையில் இருந்தவர்கள் எல்லோரும் 'முன்னாள்'கள். முன்னாள் பணிப்பாளர், முன்னாள் அதிபர், முன்னாள் பதிவாளர். இந்நாளில் ஏதாவது செய்துகொண்டிருக்கிற ஒருவரைச் சேர்ப்பதற்குச் சபையின் யாப்பு விதிகளில் இடமில்லை.

செயலாளர் கேதீஸ்வரன் ஜெயனியை இருக்கச் சொன்னார்.

"எந்தப் புத்தகம் படிக்கிறது எண்டு கேக்க வந்தனான், சேர்."

கேதீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உது சின்னக் கேள்வி. சபை சின்னக் கேள்வியளுக்கு மறுமொழி சொல்லுறேல்லை. ஒரு வழிகாட்டி நூலைத் தெரிவு செய்ய முதல், தெரிவு எண்டால் என்ன எண்டு தெரிய வேணும். அதுக்கு நாங்கள் ஒரு தெரிவு அமர்வு வைக்கிறம். வாற சனிக்கிழமை. பார்வையாளராய் வாங்கோ."

"சோதனைக்கு இன்னும் கன நாள் இல்லை, சேர்."

"சோதனை வருசா வருசம் வரும். சபை அப்பிடியே?"

ஜெயனி சனிக்கிழமை போனாள். தெரிவு அமர்வு காலையில் தொடங்கியது. முதலில் சபையினர் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்துக்கொண்டார்கள். வைகாசி வெயிலுக்குப் பொன்னாடை வலு பொருத்தம். எல்லோரும் வேர்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கழற்றவில்லை. பிறகு தலைவர் நமசிவாயம், முன்னாள் பணிப்பாளர், தெரிவின் தத்துவத்தைப் பற்றி உரையாற்றினார். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர்தான் நூல்கள் மேசைக்கு வந்தன. மூன்று நூல்கள்.

முதலாவது நூலைப் புரட்டிய நமசிவாயத்தின் முகம் மாறியது. மதத் தலைவரின் ஆசியுரை, கல்வி அதிகாரியின் அணிந்துரைக்குப் பின்னால் அச்சிடப்பட்டிருந்தது.

"இதை எப்பிடிப் பிள்ளையளின்ரை கையிலை குடுக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நூல் நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது நூலில் வரிசை சரி. ஆனால் நமசிவாயத்தின் படம் செயலாளரின் படத்தைவிட ஒரு நூலளவு சின்னதாக இருந்தது. கேதீஸ்வரனே அளவுகோலால் அளந்து அதை ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைச் சபை பாராட்டிவிட்டு நூலை நிராகரித்தது.

மூன்றாவது நூல் தனோஜன் என்ற இளம் விரிவுரையாளர் எழுதியது. அதில் ஆசியுரை இல்லை, அணிந்துரை இல்லை, படமும் இல்லை. திறந்தவுடன் பாடம். சபையினர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்கள். பிழை பிடிக்க அதில் முன்பக்கமே இல்லை. வேறு வழியில்லாமல் அதைத் தெரிவு செய்தார்கள்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஜெயனி கையை உயர்த்தினாள். "சேர், அந்தப் புத்தகத்தை ஒருக்காப் பாக்கலாமோ?"

"அது இன்னும் நூல் இல்லை, பிள்ளை" என்றார் நமசிவாயம், அன்பாக. "இப்ப அது வெறும் விசயம்."

அந்த விசயத்தை நூலாக்கும் பணி மறுநாளே தொடங்கியது. முன்பக்கம் இல்லாத குறை தீர்க்கப்பட்டது. சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு உபதலைவர்கள் வாழ்த்துரை கொடுத்தார்கள். கொடிகாமம் மரக்கறி மொத்த வியாபாரிகள் சங்கம் கொடுத்தது. அரிசி ஆலை உரிமையாளர் சங்கம் கொடுத்தது. தெல்லிப்பழையிலிருந்து ஒரு மிருகவைத்தியர், தர்க்கத் திறனுக்கும் கறவை மாட்டுக்கும் உள்ள தொடர்பை இரண்டு பக்கத்தில் விளக்கியிருந்தார். அச்சுக்குப் போகிற நேரத்தில் பொருளாளர் தன்னுடைய படத்தில் தலைமயிர் குறைவாக இருப்பதாகச் சொல்லிப் பழைய படம் தேடியதில் இன்னொரு கிழமை போனது. கடைசியில் வாழ்த்துகள் மட்டும் எண்பது பக்கம் வந்தன. தனோஜனின் பெயர், 'தொகுப்புதவி' என்று, அச்சகத்தின் தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே இடம்பிடித்தது.

ஜெயனி வேலை முடிந்து சைக்கிளில் வந்து விசாரித்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவள் வந்த நேரம் வாசலில் ஒரு வான் நின்றது. பிரவுண் தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய பொதிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சபையில் இடுப்புப் பிடிப்பு இல்லாதவர் யாருமில்லை. கேதீஸ்வரன் மேல்மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, நல்ல நேரத்துக்கு வந்தீர். ஒரு கை குடும்."

புத்தகம் வந்துவிட்ட சந்தோசத்தில் ஜெயனி பொதிகளைத் தூக்கிப் படியேறினாள். ஏறினாள், இறங்கினாள். கயிறு விரலை வெட்டியது. புது மையின் வாசம் மூக்கில் அடித்தது. கடைசிப் பொதியையும் அறைக்குள் அடுக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப ஒண்டு வாங்கலாம்தானே, சேர்?"

"எப்பிடி வாங்கிறது? முதற்பிரதி இன்னும் ஒருத்தரும் பெறேல்லையே."

"எப்ப பெறுவினம்?"

"முதற்பிரதி பெறுபவர் கனடாவிலை இருந்து சிவக்கொழுந்து ஐயா. இந்த நூல் அச்சாக அவர்தான் அனுசரணை. நல்லூர்த் தேருக்கு வருவார். தேர் முடிய வெளியீடு."

ஜெயனி விரலில் கயிறு வெட்டிய இடத்தைத் தேய்த்தாள். "சோதனை நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை, சேர். தேர் அதுக்கும் பிறகெல்லே."

"தெரியும். சபை கை கட்டிக்கொண்டு இருக்கேல்லை. பரீட்சையைப் பின்போடச் சொல்லிக் கொழும்புக்கு எழுதியிருக்கிறம்."

நான் இதைக் கற்பனை செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். கற்பனைதான். ஆனால் எங்கள் ஊரில் இரண்டு கூட்டங்களுக்குப் போய், தலைமையுரை முடியும்வரை எழும்பாமல் இருந்த எவரும் இதைக் கற்பனை என்று சொல்லமாட்டார்.

அடுத்த நாள் கனிசியசும் மகளோடு வந்தார். தவணைக்குப் போகிற அதே வெள்ளைச் சேட்டு. தலைவர் நமசிவாயமே இருந்தார். கனிசியஸ் கதிரையில் இருக்கவில்லை.

"ஐயா, கடைசித் தடவை எண்டு பிள்ளை சொல்லுது. ஒரு புத்தகம் தாங்கோ. படிச்சுப்போட்டுத் திருப்பித் தாறம். ஒரு மூலை மடியாது."

"தரலாம். ஆனால் மரபு எண்டு ஒண்டு இருக்கெல்லே. முதற்பிரதிக்கு முதல் இன்னொரு பிரதி வெளியிலை போனால், அது முதற்பிரதி இல்லையே."

"அப்ப அந்தக் கனடா ஐயாவை ரெலிபோனிலை வாங்கச் சொல்லுங்கோவன். இப்ப முகம் பாத்துக் கதைக்கலாம்தானே."

"ரெலிபோனிலை பொன்னாடை எப்பிடிப் போத்திறது?" நமசிவாயம் உண்மையாகவே கேட்டார். அந்தச் சிக்கலைப் பற்றி அவர் ஏற்கனவே யோசித்திருக்க வேண்டும்.

கனிசியசின் குரல் தடித்தது. "ஐயா, ஒரு பிள்ளை காய்ச்சல்லை சாகக் கிடக்கேக்கை, மருந்துப் போத்தில் திறக்கப் பிரமுகர் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருப்பியளோ?"

"மருந்து வேறை, நூல் வேறை, கனிசியஸ். மருந்து நோயாளிக்கு. நூல் சமூகத்துக்கு. உங்கடை மகள் ஒரு ஆள். சமூகம் எவ்வளவு பெரிசு, யோசியுங்கோ."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கனிசியஸ் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். "தவணை." அதைச் சொல்லிவிட்டு வீதியோரம் காறித் துப்பினார்.

ஜெயனி அதோடு விட்டுவிடவில்லை. தனோஜனின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்துக் கதைத்தாள். "நீங்கள் எழுதினதுதானே தம்பி, உங்கடை கொம்பியூட்டரிலை இருக்குமே. ஒரு பத்துப் பக்கம் அனுப்புங்கோவன்."

மறுமுனையில் தனோஜன் குரலைத் தாழ்த்தினான். "இருக்கு அக்கா. ஆனால் சபைக்குக் குடுத்திட்டன். என்ரை நிரந்தர நியமனத்துக்கு நமசிவாயம் சேரின்ரை சிபாரிசு வேணும். பிள்ளையளுக்கு எண்டுதான் அக்கா எழுதினனான். குறை நினையாதேங்கோ."

அவன் நல்ல பிள்ளைதான். எங்களிடம் கெட்டவர்கள் குறைவு, சிபாரிசு தேவைப்படுகிற நல்லவர்கள்தான் அதிகம்.

கொழும்பு பரீட்சையைப் பின்போடவில்லை. ஜெயனி தராசு போட்ட நாலு பழைய நூல்களையும் கடன் வாங்கிப் படித்தாள். ஐஸ் ஏற்ற வருகிற லொறிகளுக்கிடையில், அதிகாலையில், கோயில் மணி அடிக்க முதல் படித்தாள். உலகத்தின் நீளமான ஆறுகள், நாடுகளின் தலைநகரங்கள், எந்த நாட்டில் எந்தப் பறவை தேசியப் பறவை என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

பரீட்சைத் தாளில் பறவை வரவில்லை. ஒரு பந்தி வந்தது. அதை வாசித்த ஜெயனிக்கு உடம்பு சிலிர்த்தது. 'தன் வலையை ஓர் இழுவைப்படகு அறுத்ததாக ஒரு மீனவர் முறைப்பாடு செய்கிறார். படகுச் சொந்தக்காரர் அன்றிரவு தன் படகு கடலுக்கே போகவில்லை என்கிறார். இப்பந்தியிலிருந்து நீங்கள் வரக்கூடிய முடிவு யாது?' கீழே தெரிவுகள் இருந்தன. மாதாவே எனக்காகத்தான் இதை அனுப்பினா என்று ஜெயனி நினைத்தாள். படகுச் சொந்தக்காரர்கள் என்ன சொல்லுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் பொய் சொல்கிறான், நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற விடைக்குப் பேனையை அழுத்திக் கீறினாள். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளுக்கும் அந்த நியாயத்தின்படியே விடை போட்டாள்.

முடிவு வந்தது. பொது அறிவில் நல்ல புள்ளி. தர்க்கத் திறனில் தவறியிருந்தாள். கொஞ்சத்தில்தான். அற்புதராணி, ஜெயனியின் தாய், அன்று மீன்சட்டியை அடுப்பில் வைத்தபடியே மறந்துபோனா. சோறு தின்ன ஒருவரும் வரவில்லை. கனிசியஸ் வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், பொத்தலே இல்லாத இடத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். ஜெயனிக்கு அடுத்த மாதம் முப்பது.

நல்லூர்த் தேர் முடிந்தது. வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. ஜெயனியின் பெயருக்கு நேரே 'பயனாளி' என்று போட்டிருந்தது. போகாதை என்றா தாய். ஜெயனி போனாள். மேல்மாடி அறைக்குள் தான் தூக்கி வைத்த பொதிகளுக்குள்ளே என்னதான் இருந்தது என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. வரிசையாக வாழைமரம், நாதஸ்வரம், வாசலில் சந்தனம். பொதிகள் மேடையில் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன, கயிறு அவிழ்க்காமல். நடுவில் வெள்ளித் தட்டில், தங்க நிறத் தாளில் சுற்றிய முதற்பிரதி. மேடையின் ஓரத்துக் கதிரையில் தனோஜன் பொன்னாடையோடு இருந்தான், காலைப் பார்த்துக்கொண்டு. ஜெயனிக்குப் பக்கத்தில் கொடிகாமத்திலிருந்து வந்த சுபாஜினி என்ற பிள்ளை. வாற வருடம் சோதனை எழுதப் போகிறாளாம்.

"அக்கா, இண்டைக்குப் புத்தகம் தருவினமோ? எனக்குக் கடைசி பஸ்சுக்குப் போக வேணும்."

"பாப்பம்" என்றாள் ஜெயனி.

சிவக்கொழுந்து வரவில்லை. தெல்லிப்பழையில் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் பாயாசத்துக்குக் காத்திருக்கிறார் என்று செய்தி வந்தது. அவர் வரும்வரை இருக்கிற உரைகளை நீட்டினார்கள். மதிப்பீட்டுரை ஆற்ற வந்தவர், நூலைத் தான் இன்னும் பார்க்கவில்லை, அது வெளியிடப்படாததால் பார்ப்பதும் முறையல்ல, ஆயினும் மிகச் சிறந்த நூல் என்று மதிப்பிட்டார். அதற்குப் பிறகு நமசிவாயம் தலைமையுரையைத் தொடர்ந்தார்.

"பெரியோர்களே, ஒன்றை மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். இந்த நூலைப் படித்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை பரீட்சையில் தவறியதில்லை!"

மண்டபம் கைதட்டியது.

"சரி, இந்த நூலைப் படிக்காதவர்களின் நிலை என்ன? அதற்கும் சபையிடம் சான்று உண்டு. குருநகரைச் சேர்ந்த செல்வி ஜெயனி இங்கே இருக்கிறார். திறமையான பிள்ளை. இந்த நூல் இல்லாமல் எழுதினார். தவறினார்! இந்த நூலின் அவசியத்தை விளக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளை, எழும்பி மேடைக்கு வாரும். எல்லாரும் உம்மைப் பாக்கட்டும்."

கைதட்டல் முன்னையதைவிடப் பலமாக இருந்தது. ஒரு பிள்ளையின் ஒரே வாசலைப் பூட்டிவிட்டு, பூட்டு நல்ல பூட்டு என்பதற்கு அவளையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கைதட்டியவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் கூசவில்லை. கோபம் வராதவர்கள் தயவுசெய்து அடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்குங்கள்.

ஜெயனி மேடைக்கு ஏறினாள். நேரே வெள்ளித் தட்டுக்குப் போனாள். முதற்பிரதியை எடுத்தாள். ரிபனை இழுத்தாள். தங்கத் தாள் கிழிகிற சத்தம் ஒலிவாங்கியில் பெரிதாகக் கேட்டது.

"ஐயோ, பிள்ளை!" என்று எழும்பிய கேதீஸ்வரனுக்குப் பொன்னாடை காலில் சிக்கியது.

ஜெயனி புரட்டினாள். மிருகவைத்தியரைக் கடந்து, அரிசி ஆலையைக் கடந்து, தலைமயிர் நிறைந்த பொருளாளரைக் கடந்து போனாள். எண்பது பக்கத்துக்குப் பிறகு தனோஜன் எழுதிய முதற்பக்கம் வந்தது. அதில் பெரிய எழுத்தில் இருந்ததை அவள் ஒலிவாங்கியில் வாசித்தாள்.

"'பந்தியில் உள்ளதை மட்டும் வைத்து விடை எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த நியாயத்தை மண்டபத்துக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் போதிய தகவல் இல்லையென்றால், இல்லை என்பதே சரியான விடை.'"

அதை இன்னொருதரம் தனக்குள் வாசித்தாள். ஒரு பந்தி. ஒரே ஒரு பந்தியை யாராவது சொல்லியிருந்தால் காணும்.

மண்டபம் மறுபடி கைதட்டியது. நூல் நன்றாயிருக்கிறது என்று தட்டினார்கள்.

ஜெயனி கைதட்டல் ஓயும்வரை நின்றாள். "இது நான் சோதனை எழுதின நாளும் இருந்தது" என்றாள். "கோப்பாயிலை, மேல்மாடி அறைக்குள்ளை, கயித்தாலை கட்டிக் கிடந்தது. நீங்கள் ஒருத்தருக்கு ரிபன் கட்டிக்கொண்டு இருந்தனீங்கள். என்ரை அப்பா உங்களட்டைக் கெஞ்சினவர். உங்களுக்கு வெக்கமே இல்லையோ?"

ஒலிவாங்கி நின்றுபோனது. நேரம் கருதி என்று யாரோ சொன்னார்கள். ஜெயனி மேடையால் இறங்கி வந்து, முதற்பிரதியைச் சுபாஜினியின் மடியில் வைத்தாள்.

"கொண்டு போம், பிள்ளை. எண்பது பக்கத்தை விட்டிட்டு வாசியும்."

அந்த நேரம் பார்த்து நாதஸ்வரம் முழங்க, மாலையோடு சிவக்கொழுந்து உள்ளே வந்தார். வெறும் வெள்ளித் தட்டைப் பார்த்தார். "அப்ப எனக்கு?" என்று கேட்டார்.

சபை மேடைத் திரைக்குப் பின்னால் அவசரமாகக் கூடியது. பொதியிலிருந்து இன்னொன்றை எடுத்துச் சுற்றிக் கொடுக்கலாம் என்று தனோஜன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். ஒரு நூலுக்கு இரண்டு முதற்பிரதி இருக்க முடியாது என்றார் நமசிவாயம், சட்டென்று. பிறகு வெளியே வந்து அறிவித்தார். "பெறவேண்டியவர் பெறாதபடியால் இந்த நூல் வெளியிடப்படவில்லை என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. சிவக்கொழுந்து ஐயா அடுத்த வருடத் தேருக்கு வரும்போது நூல் முறைப்படி வெளியிடப்படும். அந்தப் பிள்ளை பிரதியைத் திருப்பித் தரவேண்டும்."

சுபாஜினி புத்தகத்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்தாள். பயத்தில் குரல் கீச்சிட்டது. "நான் பஸ்சுக்குப் போக வேணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். சபையில் ஓடக்கூடிய ஒருவரும் இல்லை.

பொதிகள் கோப்பாய்க்குத் திரும்பிப் போயின. கொடிகாமத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அந்த ஒரு புத்தகம் எண்பத்தோராம் பக்கத்திலிருந்து படியெடுக்கப்பட்டது. அது இன்னொரு கையில் படியானது, அது இன்னொரு ஊரில். வாழ்த்துரைகள் இல்லாத சட்டவிரோதப் பிரதிகள் உலாவுவதாகவும், அவற்றைப் படிப்பவர்கள் வாழ்த்தப்படாதவர்கள் என்றும் சபை பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தது.

அடுத்த வருடம் சோதனைக்காலம் வந்தபோது, குருநகர் றோஸ் என்ற பிள்ளை ஐஸ் கொம்பனிக்கு வந்தாள். கையில் மங்கலான படிகள், ஓரத்தில் கம்பி அடித்திருந்தது.

"ஜெயனியக்கா, இது கொடிகாமத்துப் பிள்ளை ஒராள் தந்தது. நல்ல புத்தகமோ? இதைப் படிக்கலாமோ?"

ஜெயனி வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் அந்தப் பெரிய எழுத்து. கனிசியஸ் அன்றும் தவணைக்குத்தான் போயிருந்தார்.

"ஓம். இதைத்தான் படியும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"அப்ப நீங்கள் எழுதேக்கை இது இருக்கேல்லையோ, அக்கா?"

"இருந்தது" என்றாள் ஜெயனி. "நான்தான் தூக்கிக்கொண்டு போய் மேலை அடுக்கினனான்."